ஒரு கட்டம் நகர்ந்த காலாள்

போன வியாழக்கிழமை மண்டபத்தில் நான் வாய்தவறிச் சொன்ன இரண்டு சொற்களுக்கு நீங்கள் எல்லோரும் இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தொலைபேசியில் கேட்டீர்கள், கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் கேட்டீர்கள். நேரில் சொல்ல எனக்கு வராது. நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நெடுநாளாகக் கேட்கிறீர்களே, இதையே அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறை என்று மதுரைக்காரர் தன் பேரனைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பிள்ளை சதுரங்கப் பலகையில் ஒரு நிலையை அடுக்கி, கறுப்புக்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று தாத்தாவைக் கேட்டான். நான் வழக்கம்போலத் தேநீர்த் தட்டோடு மேசைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். மதுரைக்காரர் ராசாவின் முன்னால் நின்ற காலாளைத் தூக்கி, இரண்டு கட்டம் தள்ளி வைக்கப் போனார்.

"ஒரு கட்டம்" என்றேன். என் குரல்தான். எனக்கே அது பின்னாலிருந்து யாரோ பேசியது போலக் கேட்டது.

"அட! உங்களுக்குத்தான் செஸ்ஸே தெரியாதே சார்? இத்தனை வருஷமா டீ போட்டே எங்களை ஏமாத்திட்டு இருந்தீங்களா?" என்றார் மதுரைக்காரர். எல்லோரும் சிரித்தீர்கள். பேரன் சிரிக்கவில்லை. கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதுதான் சரி, இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் இங்கே இதைத்தான் ஆடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"யாருடா கண்டுபிடிச்சது?"

யாருமில்லை, கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்றான் பிள்ளை. நான் தட்டை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் முன்பே அதை ஒருவர் ஆடினார். ஆக்லாந்தின் இதே த்ரீ கிங்ஸ் பகுதியில், மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

*

நீங்கள் எல்லோரும் நினைப்பதுபோல நான் இந்த ஊருக்கு முதன்முதலில் அகதியாக வரவில்லை. எட்டு வயதில் ஒருமுறை வந்திருக்கிறேன். அப்பா இலங்கையில் மின்சாரத் திணைக்களத்தில் எஞ்சினியர். அரசாங்கம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது; அம்மாவையும் என்னையும் கூட்டி வந்தார். ஆக்லாந்தில் அப்போது தமிழ்ச் சத்தம் என்றால் எங்கள் மூன்று பேருடைய குரல்கள்தான். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பீர்கள். பிறகு பேச்சில் அந்த வீடு வரும்.

த்ரீ கிங்ஸ் மலையடியில் ஒரு பழைய பலகை வீடு. பின்பாதியில் நாங்கள், முன்பாதியில் வீட்டுக்காரர். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்தக் காலத்தில் மலையை வெட்டி எரிமலைக்கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லொறிகள் போகும்போது சிவப்புத் தூசு எழும்பி, அம்மா கொடியில் போட்ட வெள்ளைச் சேலையில் படியும். மழை நாளில் அதுவே சிவப்புச் சேறாகி என் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மண்ணெண்ணெய் ஹீட்டர், ஈரக் கம்பளி, வேலியோரம் விழுந்து அழுகும் ஃபீஜோவாப் பழம். இந்த மூன்று மணமும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் தலை வலிக்கும்.

வீட்டுக்காரர் டென்மார்க் நாட்டவர். அறுபது வயதிருக்கும். உயரமான, கூன் விழுந்த மனிதர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'டென்மார்க்காரர்' என்பதுதான். அவர் சதுரங்க மாஸ்டர் என்று அறிந்ததும் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கொழும்பில் தன் அலுவலகக் கழகத்தில் அப்பா கொஞ்சம் பெரிய ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவாரி, டை கட்டிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார். அம்மா பயறு வறுத்து முடிக்கும் முன்னே திரும்பி வந்துவிட்டார்.

"என்ன, கெதியா வந்திட்டியள்?"

"அந்தாளுக்கு இண்டைக்கு நேரமில்லையாம்" என்றார் அப்பா.

அதன் பிறகு அவர் முன்வீட்டுக்குப் போகவே இல்லை. சதுரங்கம் வேலையில்லாதவர்களின் விளையாட்டு என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னார். நானும் அம்மாவும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டோம்.

*

அம்மாவுக்கு ஆடத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அம்மா தன் தகப்பனோடு கலியாணத்துக்கு முதல்நாள் வரை ஆடியவராம். கலியாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் பின்னேரம், டென்மார்க்காரர் கொடுத்த பழத்துக்குப் பதிலாக அம்மா கொழுக்கட்டை செய்து என்னையும் கூட்டிக்கொண்டு முன்கதவுக்குப் போனார். உள்ளே மேசையில் பலகை விரித்திருந்தது. பக்கத்தில் சப்பாத்துப் பெட்டிகள் நிறையச் சின்னச் சின்ன அட்டைகள். அம்மா தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. வாசலில் நின்றபடியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற்ரை முறை எண்டு கேள், தம்பி."

கேட்டேன். டென்மார்க்காரர் வியந்து, கறுப்பின் முறை என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அம்மா உட்கார முன் எனக்கு இரண்டு காரியம் சொன்னார். கதவு திறந்தே இருக்க வேண்டும். நான் இந்த அறையை விட்டு அசையக் கூடாது.

"ஏனம்மா? குளிருமே."

"குளிர்ந்தால் குளிரட்டும். றோட்டாலை போறவைக்கு நாங்கள் இருக்கிறது தெரியவேணும்."

அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுவதும், நான் பள்ளியால் வந்த பிறகு, அப்பா வர முன், கதவை அகலத் திறந்து வைத்து ஆடினார்கள். டென்மார்க்காரர் சொந்த வீட்டுக்குள் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் தெருவைச் சூடாக்கியது. கதவைத் திறந்து வைப்பது உங்கள் சமயமா என்று அவர் ஒருநாள் என்னைக் கேட்டார். ஓம், அப்படித்தான் என்றேன். அதுதான் சுருக்கமான பதில்.

முதல் ஆட்டத்தில் முதல் நகர்த்தலே தகராறு. அவர் ஒரு காலாளை இரண்டு கட்டம் முன்னே வைத்தார். அம்மா அதைத் தூக்கி ஒரு கட்டம் பின்னுக்கு வைத்தார்.

"சொல்லு தம்பி, காலாள் எண்டால் நடந்துதான் போகும். பாயாது."

அம்மாவுக்குத் தெரிந்தது நம் பழைய ஆட்டம். காலாளுக்கு எப்போதும் ஒரு கட்டம்தான். அவர் ராணி என்றதை அம்மா மந்திரி என்றார். ராசா, செக் வாங்கு முன், ஒரே ஒரு தரம் குதிரைபோலத் தாவலாம். டென்மார்க்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். அன்று அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னபடியே இங்கே தருகிறேன்.

"அம்மா, அவர் சொல்லுறார், முதல் பத்து நகர்த்தலுக்கு அவர் யோசிச்சே முப்பது வருஷமாம். எல்லாம் பாடமாம். உங்களோடை விளையாடினால் முதலாவதிலேயே யோசிக்க வேண்டிக் கிடக்காம்."

"யோசிக்கட்டும். சும்மாதானே இருக்கிறார்."

ஆட்டம் முடிந்ததும் கை கொடுப்பது அவர்களுடைய முறை. கை கொடுக்காமல் எழும்புவது மரியாதை இல்லை. அவர் கையை நீட்டினார். அம்மா வேற்று ஆண் கையைத் தொடமாட்டார். பிறகு அம்மா என்னை முன்னே தள்ளிவிட்டார். அந்தப் பெரிய கை என் கையைப் பிடித்துக் குலுக்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. அம்மாவின் வாயும் நானே, கையும் நானே.

*

அவருடைய கதையை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. அம்மா யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

கோப்பன்ஹேகனில் ஒரு கோப்பிக் கடையில், புகைக்கு நடுவே, பெரியவர்களின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஆட்டம் பழகியவர். இளவயதிலேயே மாஸ்டர் ஆனார். தன் நாட்டுக்காக வெளிநாடுகளில் ஆடினார். ஆனால் அவர் பெயர் பரவியது வென்ற ஆட்டங்களால் அல்ல. ஆட்டத்தின் தொடக்கத்தை ஆராய்வதில் அவர் ஒரு தனிப்பிறவி. கறுப்புக்கு அவர் ஒரு தொடக்கத்தைக் கட்டியிருந்தார்: ஐந்தாவது நகர்த்தலில் ஒரு காலாளை வேண்டுமென்றே பறிகொடுத்துவிட்டு, பிறகு பாய்ந்து தாக்குவது. அதைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதினார். ஜெர்மன் மொழியிலும் வந்ததாம். சில வருடங்கள் ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் அதை ஆடினார்கள். பத்திரிகைகள் அதற்கு அவர் பெயரையே வைத்தன.

பிறகு ஒரு கடற்கரை ஊரில் நடந்த போட்டியில், மீசை முளைக்காத ஒரு பையன் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவருடைய தொடக்கத்தையே அவர் கையால் ஆட வைத்து, அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினான். ஒன்பதாவது நகர்த்தல். கறுப்பு ராசாவின் முன்னிருக்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளுவது அவருடைய புத்தகத்தின் உயிர்நாடி. அப்படித் தள்ளியதும் பக்கத்துக் கட்டம் ஒன்று காவலில்லாமல் போகிறது. வெள்ளைக் குதிரை அங்கே வந்து குந்திவிட்டால் பிறகு எழும்பாது. அந்த ஆட்டம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அடுத்த வருடம் அவர் தொடக்கத்தை ஆட ஆளில்லை. அவர் மனைவி இந்த நாட்டுத் தாதி. அவருடைய ஊருக்கே வந்துவிட்டார்கள். மனைவி இறந்து போனார். டென்மார்க்காரர் சப்பாத்துப் பெட்டிகளோடு தங்கிவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் அத்தனை அட்டைகளும்.

"பத்து நகர்த்தலுக்கு ஒரு ஆயுசா?" என்றார் அம்மா. "இதை அவருக்குச் சொல்லாதை."

நான் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒன்பது நகர்த்தலுக்கு என்று திருத்தினார்.

அம்மா அவரை ஒரே ஒருமுறை வென்றார். அவர் தாக்குதலை ஒவ்வொரு காயாக நகர்த்திக் கட்டி முடித்து, அடுத்த நகர்த்தலில் செக் சொல்லக் காத்திருந்தார். அம்மா ராசாவைத் தூக்கிக் குதிரைபோலத் தாவ வைத்து வேலிக்கு வெளியே விட்டார். அந்த விதியை அவர் மறந்தே போயிருந்தார்.

"பெரிய மாஸ்டர் எண்டியள், ராசா கேற்றாலை ஓடினது தெரியேல்லையோ எண்டு கேள்."

அம்மா சிரித்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு அம்மா பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவை அப்படிச் சிரிக்க வைத்தது நான் இல்லையே என்று இருந்தது.

"அப்பாவுக்குச் சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

"நானே ஒரு நாள் சொல்லுறன். தோத்துப்போய் வந்த மனிசன், இப்ப சொன்னால் நோகும்."

அப்பா தோற்றது அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தார். அந்த நல்லெண்ணம் என்ன செய்யும் என்று அம்மா யோசிக்கவில்லை. அம்மா அப்போது முப்பது வயதுகூட ஆகாத பெண்.

*

ஒரு மழைநாளில், ஆட்டத்துக்கு முன், டென்மார்க்காரர் தன் தொடக்கத்தின் அந்த நிலையை அடுக்கினார். அம்மாவைக் கறுப்புப் பக்கம் இருத்தி, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். ராசாவின் முன்னிருந்த காலாளை ஒரு கட்டம் தள்ளினார்.

அவர் சிரித்தார். உங்கள் ஆட்டத்தில் அது ஒரு கட்டம்தானே போகும் என்றார். பிறகு வெள்ளைக் குதிரையைத் தூக்கினார். தூக்கிய குதிரையை வைக்க இடமில்லை. ஒரு கட்டம் மட்டும் நகர்ந்து நின்ற காலாள் அந்தப் பக்கத்துக் கட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. குதிரையைக் கையில் வைத்தபடியே அவர் நெடுநேரம் இருந்தார். மழை கதவால் உள்ளே அடித்து விரிப்பை நனைத்தது.

பிறகு எழும்பிப்போய்த் தன் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைக் காட்டி எனக்கு மொழிபெயர்த்தார். இளமையில் அவரே எழுதியிருந்தார்: இங்கே காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்துவது கோழையின் ஆட்டம், அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. அப்படி ஒரு வரி எழுதி அடைத்துவிட்ட இடத்துக்கு அவர் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடமும் ஓட்டையை வேறெங்கோ தேடியிருக்கிறார்.

அடுத்து வந்த நாட்களில் அவர்கள் பழைய ஆட்டம் ஆடவில்லை. அந்த ஒரு நிலையையே திரும்பத் திரும்ப ஆடினார்கள். அம்மா அதற்குள் காலாள் இரண்டு கட்டம் பாய்வதையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். "அவையின்ரை ஊரிலை பாயுது, பாயட்டும்" என்றார். குளிர்கால முடிவில் நகரத்தில் ஒரு போட்டி இருந்தது. அதில் தன் பழைய தொடக்கத்தைத் திரும்ப ஆடப் போவதாகவும், ஒன்பதாவது நகர்த்தலுக்கு அம்மாவின் பெயரை வைத்துக் கோப்பன்ஹேகனுக்கு எழுதப் போவதாகவும் அவர் சொன்னார். இனிமேல் போட்டிகளில் ஆட உடம்பு இடம் கொடுக்காது, இதுதான் கடைசி என்றும் சொன்னார்.

"என்ரை பேரெல்லாம் வேண்டாம். இவருக்குச் சொல்லாமல் பேர் போடக் கூடாது. போட்டிக்கு முன்னம் நான் வீட்டிலை சொல்லி, கேட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லு."

அதுவரை காத்திருப்பதாக அவர் சொன்னார். அது உங்கள் நகர்த்தல், கேட்காமல் தொடமாட்டேன் என்றார்.

*

இனி எழுதுவது கடினம். சுருக்கமாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் வந்து விசிலடித்தான். மழை விட்டிருந்தது. பழைய அட்டைப்பெட்டியை விரித்து, அதில் உட்கார்ந்து மலைச்சரிவின் ஈரப் புல்லில் சறுக்கி வரலாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு மொழிபெயர்க்கவும் வேலை இருக்கவில்லை. அவர்கள் காய்களாலேயே பேசிக்கொண்டார்கள். நான் மெல்ல எழும்பி வெளியே போனேன். போகும்போது கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன்? அந்தப் பையன் வீட்டில் கதவைத் திறந்து விட்டுவிட்டு வந்தால், என்ன, கூடாரத்திலா பிறந்தாய் என்று அவன் தாய் கத்துவாள். பள்ளியிலும் அதே வார்த்தைதான். இந்த ஊரில் கதவைச் சாத்துவது நல்ல பிள்ளையின் அடையாளம். கை தன்பாட்டில் செய்தது. காற்று நின்றதை அம்மா கவனிக்கவில்லை. அவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கிறார்.

அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். நேரத்தோடு வந்துவிட்டார். பின்வீட்டில் ஆளில்லை. முன்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

நான் பின்பக்கமெல்லாம் சிவப்புச் சேறோடு திரும்பி வந்தபோது அம்மா குசினியில் அடுப்பருகே நின்றார். அப்பா கோட்டைக் கழற்றாமல் மேசையில் இருந்தார்.

"நீ எங்கை போனனீ?"

"மலைக்கு."

"ஆர் உன்னைப் போகச் சொன்னது?"

அப்பா என்னை அடிக்கிறவர் அல்ல. பயத்தில் சொன்னேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. ஒருவரும் சொல்லவில்லை, நானாகப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அம்மாதான் போய் விளையாடச் சொன்னவ. கதவையும் சாத்திட்டுப் போ எண்டவ."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். அம்மா என் சேற்றுக் காற்சட்டையைத்தான் பார்த்தார்.

"நீர் அப்பிடிச் சொன்னீரோ?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"ஓம். நான்தான் சொன்னனான்."

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கேள்விகள் அதோடு முடிந்தன. நெடுங்காலத்துக்கு.

*

அடுத்த கிழமையே, நகரின் தெற்கே வெகு தூரத்திலிருந்த மனுரேவாவுக்கு வீடு மாறினோம். அப்பா விடிய முன் ரயிலேறி, இருட்டிய பிறகு வந்தார். அவ்வளவு தூரம் ஏன் என்று அவரோடு பயின்றவர்கள் கேட்டிருப்பார்கள். அங்கே காற்று நல்லதாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டென்மார்க்காரர் எங்களைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார். ஓவர்கோட்டும் தொப்பியும். வாசல் கேற்றுக்கு வெளியே நின்றார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேற்றுக்கு உட்பக்கம் நின்றார். அம்மா யன்னல் சீலைக்குப் பின்னால்.

உங்கள் மனைவி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார், போட்டி சனிக்கிழமை தொடங்குகிறது, அவருடைய நகர்த்தலை ஆடலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்றார் அவர்.

"என் மனைவிக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது" என்றார் அப்பா, ஆங்கிலத்தில், மிக மரியாதையாக.

டென்மார்க்காரர் யன்னலைப் பார்த்தார். சீலை அசையவில்லை. சரி என்று தலையாட்டினார். பிறகு கேற்றுக்கு மேலால், ஆட்டம் முடிந்ததும் நீட்டுவது போல, என்னிடம் கையை நீட்டினார்.

நான் என் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

சில நாள் கழித்துப் பத்திரிகையின் சதுரங்கப் பகுதியில் அவர் ஆட்டம் வந்தது. அப்பா வேலைக்குப் போன பிறகு, அட்டையில் கட்டம் கீறி, பொத்தான்களை வைத்து அதை ஆடிப் பார்த்தேன். ஐந்தாவதில் காலாளைப் பறிகொடுத்தார். ஒன்பதாவதில் ராசாவின் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். எதிராளியின் குதிரை வந்து குந்தியது. தோற்றுப் போனார். காலம் கடந்த ஒரு பழைய தொடக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

நான் சட்டிக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையை நிறுத்தினார்.

"ஏன் அந்த மனிசன் ரெண்டு வைச்சது?" என்றார் தனக்குத்தானே. அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது. கேட்காமல் தொடமாட்டேன் என்று சொன்னவர், தொடவில்லை. அந்த நகர்த்தல் இல்லாமல் தோற்பார் என்று தெரிந்தேதான் போய் உட்கார்ந்திருக்கிறார். வேறு தொடக்கம் ஆடியிருக்கலாமே என்பீர்கள். அது அவர் பெயருள்ள தொடக்கம். அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அவர் எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் மறுபடி இந்த ஊருக்கு வந்து தேடியபோது அந்த வீடு இருந்த இடத்தில் வேறு வீடுகள் இருந்தன.

*

ஊர் திரும்பிய பிறகு அப்பா ஓய்வு நாட்களில் நண்பர்களோடு சதுரங்கம் ஆடுவார். அம்மா தேநீர் கொண்டுவந்து வைப்பார். ஒருமுறை அப்பா நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா தட்டோடு நின்று பலகையைப் பார்த்தபடி இருந்தார். தேநீர் ஆடை கட்டிவிட்டது. அப்பா நிமிர்ந்ததும் அம்மா உள்ளே போய்விட்டார். நான் எல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பாடம் படித்தேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. பரீட்சை முடியட்டும் என்றேன், வேலை கிடைக்கட்டும் என்றேன், பிறகு நாட்டில் சண்டை வந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. பெற்ற பிள்ளை சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

கடைசியில் அம்மாவையும் இங்கே கூட்டி வந்தேன். உங்களில் சிலர் அவரைக் கண்டிருக்கிறீர்கள், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் த்ரீ கிங்ஸ் கடைக்கு வந்தபோது மலையைப் பார்த்துவிட்டு, "அந்த மனிசன்ரை வீடு இதிலைதானே?" என்று கேட்டார். "தெரியேல்லையம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கமாகிவிட்டது.

அம்மா கண்ணை மூடுவதற்கு முந்திய குளிர்காலத்தில், வெஸ்ட்கேட் பகுதியில் என் மகன் வீட்டில் இருந்தோம். அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பைத் திருத்த ஒரு பையன் வந்தான். நான் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால் முன்கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அம்மா வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு, போர்வையைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே அந்தப் பையன் வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அம்மாவின் பேரப்பிள்ளையை விட வயது குறைவு.

"என்னம்மா இது? குளிருக்கை செத்துப் போவியள். கதவைச் சாத்துங்கோ" என்று கத்திக்கொண்டே கதவில் கை வைத்தேன்.

"விடு, தம்பி" என்றார் அம்மா. "நீ ஒருக்காச் சாத்தினது போதும்."

கோபமில்லை. குளிர்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் பால் போத்தலோடு வாசலில் நின்றேன். அந்த நேரத்திலாவது காலில் விழுந்திருக்கலாம். குசினிக்குள் போய்த் தேநீர் போட்டேன்.

ஆகவே நண்பர்களே, மதுரைக்காரரின் பேரனுக்கு யாராவது சொல்லுங்கள். அது கம்ப்யூட்டரின் நகர்த்தல் அல்ல. அது என் அம்மாவுடையது. ஒரு டென்மார்க்காரர் வாழ்நாள் முழுவதும் கட்டிய தொடக்கத்தில் இருந்த ஓட்டையை அவர் ஒரு மழைநாளில் ஒரு விரலால் அடைத்தார். அதை உலகத்துக்குத் தெரியாமல் செய்தவன் நான்.

வருகிற வியாழன் தேநீரை வேறு யாராவது போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு எதிரே நான் உட்காருகிறேன். தோற்றாலும் வென்றாலும் கை கொடுப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள்: மண்டபத்தின் கதவு திறந்தே இருக்கட்டும். குளிர்கிறது என்று யாரும் எழுந்து சாத்த வேண்டாம்.